அப்பத்தாவும் இணையத் தொலைபேசியும்

"கோழி கூவுனா பாப்பா."

எங்க அப்பத்தா வீட்டில் இதுதான் சட்டம். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வந்துடுங்கன்னு அப்பா பத்து வருஷமாகக் கூப்பிட்டுக்கிட்டிருக்கார். "எனக்கென்ன கேடு, இங்கிட்டே இருந்துக்கிறேன்" என்பதுதான் பத்து வருஷமாகப் பதில். கையில் பொத்தான் வச்ச சின்ன போன். பெரியப்பா மகன் அண்ணன் அதில் ஆளுக்கொரு மணி பிரிச்சு வச்சிருக்கார். அப்பா கூப்பிட்டா நாதஸ்வரம், அத்தை கூப்பிட்டா வண்டி ஹாரன், நான் கூப்பிட்டா கோழி. இங்கே சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு நான் கூப்பிடும்போது அங்கே ஞாயிறு காலை ஏழு மணி. சில நாள் நிஜக் கோழி கூவினதுக்கும் போனை எடுத்து "தாயி" என்று சொல்லியிருக்கிறார் என்பது அண்ணன் கிளப்பிவிட்ட கதை. நான் நம்பலை. ஆனா கேட்க நல்லா இருக்கு :-)

2025 மே மாசம் வரைக்கும் அந்தக் கோழியைக் கூவ வச்சது ஸ்கைப். பத்து டாலர் போட்டு வச்சா மாசக்கணக்கா ஓடும். என் மாண்ட்ரியல் மொபைல் எண்ணை அதில் பதிஞ்சு வச்சிருந்தேன். அதனால் அழைப்பு என் எண்ணிலிருந்து வர்ற மாதிரியே அப்பத்தா போனில் தெரியும், கோழி கூவும். அந்த வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது, மே 5ஆம் தேதி கடை மூடினது. 2003 ஆகஸ்டில் பிறந்த மென்பொருள், இருபத்திரண்டு வயசு முடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்தது.

சரி, ஊர்ல ஆயிரம் செயலி இருக்குன்னு ஒண்ணைத் தகவிறக்கி நிறுவினேன். (பேர் வேண்டாம். அதைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை.) நிமிஷத்துக்கு ஒரு சென்ட்தான். முதல் சனிக்கிழமை கூப்பிட்டேன். மணி அடிச்சுது, எடுக்கலை. மறுநாள், அதுக்கு மறுநாள், எடுக்கலை. அம்மாவைக் கேட்டா, "அப்பத்தா நல்லாத்தான் இருக்காங்க, வயல் பக்கம் போயிருப்பாங்க" என்றார். பன்னிரண்டு நாள் இப்படியே ஓடுச்சு. பதிமூணாவது நாள் திருப்பூர்லேர்ந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் வந்தார். அப்பத்தா கிணத்தடியில் வழுக்கி விழுந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எலும்பு முறியலை. படிக்கிற பிள்ளைக்கு எதுக்குச் சொல்லணும்னு எல்லாரும் சேர்ந்து மறைச்சுட்டாங்க. சரி, அது நாலு நாள். மீதி எட்டு நாள்? போன் அவங்க மடியிலேயேதான் இருந்திருக்கு. நான் கூப்பிட்டப்ப எல்லாம் அடிச்சும் இருக்கு. ஆனா கோழி கூவலை. வேற ஏதோ மணி, வேற ஏதோ நம்பர். "தெரியாத நம்பர் எதையும் எடுக்காதீங்க, போலீஸ்னு சொல்லி ஏமாத்துவானுங்க" என்று அண்ணனே படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருக்கார். அப்பத்தா சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

"பாப்பாவுக்கு அங்கிட்டு வேலை சாஸ்தி போல, மறந்துருச்சு" என்று அத்தையிடம் சொன்னாராம்.

அந்த வரி ரெண்டு நாள் தூங்க விடலை. என் எண்ணிலிருந்து நான் கூப்பிட்டா வேற யாரோ மாதிரி ஏன் போகுதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். "அதான் வாட்ஸ்அப் இருக்கே" என்று கேட்கப்போறவங்களுக்கு: இணையத் தொலைபேசி (அதாங்க வாய்ப். 'வாய்ப்பு'ன்னு படிச்சாலும் தப்பில்லை) ரெண்டு சாதி. ரெண்டு பக்கமும் இணையம், ரெண்டு பக்கமும் ஒரே மென்பொருள் என்றால் அது ஒண்ணு. ஒரு பக்கம் இணையம், மறுபக்கம் சாதாரண போன் என்றால் அது இன்னொண்ணு. அப்பத்தா வீட்டில் இணையமும் இல்லை, ஸ்மார்ட் போனும் இல்லை. ஆக எனக்கு ரெண்டாவதுதான்.

ரெண்டிலும் பாதி வேலை ஒரே மாதிரிதான். பழைய தொலைபேசித் தரத்தில் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக்குவாங்க. அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, விநாடிக்கு 50 பொட்டலமாகக் கட்டி இணையத்தில் அனுப்புவாங்க. பொரிகடலைப் பொட்டலம் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விலாசம், தனித்தனிப் பயணம். மாண்ட்ரியலிலிருந்து சென்னை நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக எவ்வளவு அவசரப்படுத்தினாலும் 65 மில்லிவிநாடி ஆகியே தீரும். கடலடிக் கம்பி சுத்தி வளைச்சுப் போறதால இன்னும் கூடும். ஒரு பக்கப் பயணம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேசறவங்களுக்குத் தாமதம் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டினால்தான் "நீ சொல்லு, இல்ல நீ சொல்லு" ஆரம்பிக்கும்.

வாட்ஸ்அப் என்றால் பொட்டலம் நேரா அந்தப் பக்கத்துச் செயலிக்குப் போய்ப் பிரிஞ்சுடும். அப்பத்தா போன் என்றால், வழியில் ஒரு இடத்தில் இணையத்தை விட்டுவிட்டுத் தொலைபேசி வலைக்குள் ஏறணும். அந்த வாசலில் காசு கேட்பாங்க. என் செயலி ஒரு மொத்த வியாபாரியிடம் கொடுக்கும், அவர் இந்தியாவில் சர்வதேச உரிமம் வச்சிருக்கிறவரிடம் கொடுப்பார், அவர் அப்பத்தாவின் சிம் நிறுவனத்திடம் கொடுப்பார். கடைசிக் கை மாறும்போது சிம் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் போகணும். அதை நிர்ணயிக்கிறது டிராய். 2018 பிப்ரவரியில் அதை நிமிஷத்துக்கு 53 காசிலிருந்து 30 காசாகக் குறைச்சாங்க. 2020 மே 1 முதல் 35 காசுக்கும் 65 காசுக்கும் நடுவில் நிறுவனங்களே வச்சுக்கலாம்னு மாத்தினாங்க. உள்ளூருக்குள் ஒரு சிம்மிலிருந்து இன்னொரு சிம்முக்குப் பேசினால் இந்தக் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம்.

இப்ப ஒரு கணக்கு போடுங்க. ஒரு சென்ட் என்பது அம்பது அறுபது காசு. வாசல்காரருக்குக் கொடுக்கவே அது சரியாப் போயிடும். அப்புறம் எப்படி ஒரு சென்ட்டுக்கு விக்கிறாங்க?

இதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, அதுக்குப் பேர் சிம் பாக்ஸ். ஏதோ ஒரு ஊரில் ஒரு அறையில் ஒரு பெட்டி. அதுக்குள்ள பத்து, இருபது, நூறு இந்திய சிம் கார்டு. வெளிநாட்டு அழைப்பு இணையம் வழியா அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி ஒரு உள்ளூர் சிம்மிலிருந்து அப்பத்தாவைக் கூப்பிடும். உள்ளூர் அழைப்பாயிட்டதால வாசல் காசு கிடையாது. இந்தியச் சட்டப்படி இது குற்றம். "அமெரிக்காவிலேர்ந்து பேசறேன்றான், நம்பரைப் பார்த்தா பீகார்னு காட்டுது" என்று நம்ம வீடுகளில் வருஷக்கணக்கா ஆச்சரியப்பட்டாங்களே, அந்த மர்மத்துக்கு ஒரு விடை இதுதான். இன்னொரு விடை, சிம்மே இல்லாமல் வெளிநாட்டிலிருந்தே ஒரு பொய்யான இந்திய எண்ணை ஒட்டி அனுப்பறது. இந்தப் பொய் எண்களைப் பிடிக்க இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22இல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்பு தடுக்கப்பட்டதா அரசு சொன்னது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சொல்லிக் கிழவங்க காசைப் பிடுங்கற கும்பல் நுழைஞ்ச வழிகளில் இதுவும் ஒண்ணு.

அப்பத்தா போனைப் பார்த்த அண்ணன் எனக்கு எண்களை வாசிச்சுக் காட்டினார். பன்னிரண்டு நாளில் ஏழு வெவ்வேறு இந்திய எண். ஏழும் நான்தான்! ஒரு சென்ட் மிச்சம் பிடிச்சு, திருடன் வர்ற சந்து வழியா அப்பத்தா வீட்டுக்கதவைத் தட்டிக்கிட்டிருந்திருக்கேன். கதவைத் திறக்காதது அவங்க தப்பா?

இந்த வாசல் விவகாரம் ஒண்ணும் புதுசு இல்லை. இங்கே பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஜான்-தலோன் தெருவுக்குப் பக்கத்தில் நான் அரிசி பருப்பு வாங்கற கடை யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தருடையது. கல்லாவுக்குப் பின்னாடி கண்ணாடியில் இன்னும் நாலைஞ்சு பழைய தொலைபேசி அட்டை ஒட்டியிருக்கு. ஒருநாள் அதைப் பத்திக் கேட்டேன்.

"அது சும்மா ஒட்டிக் கிடக்குது தங்கச்சி. ஒருகாலத்திலை வெள்ளிக்கிழமை எண்டா வரிசையிலை நிண்டு வாங்குவினம். ஆயிரம் நிமிசம் எண்டு போட்டிருக்கும். ஒரே மூச்சிலை கதைச்சாத்தான் ஆயிரம். வச்சிட்டுத் திரும்ப எடுத்தியெண்டா பாதி போயிடும்" என்று சிரிச்சார். இணைப்புக் கட்டணம், வாராந்தரக் கட்டணம், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே கூட்டிக் கணக்குப் போடறது என்று அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்குமாம்.

"எனக்கு உதெல்லாம் பெரிய விசயமில்லை. தொண்ணூறுகளிலை நான் வந்த நேரம் யாழ்ப்பாணத்துக்கு லைனே இல்லை. அம்மா வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்தாத்தான் குரல் கேக்கலாம். பாஸ் எடுத்து, ரெண்டு மூண்டு நாள் பயணம் செய்து வந்து, பத்து நிமிசம் கதைப்பா. அதிலை அஞ்சு நிமிசம் அழுவா. பிறகு காட் எவ்வளவு களவெடுத்தாலும் பரவாயில்லை எண்டு போச்சு."

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கலை. பருப்பை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஆனா அந்த அட்டை மாண்ட்ரியலைப் பத்தி இன்னொரு கதைக்குக் கொண்டுபோய் விட்டது. கனடாவிலிருந்து கடல் தாண்டிப் போற அழைப்புக்கெல்லாம் வாசல்காரர் இருந்தது இதே ஊரில்தான். 1949இல் ஒரு சட்டம் போட்டு அரசு தொடங்கின கனடிய வெளிநாட்டுத் தொலைத்தொடர்புக் கழகம். தலைமையகம் மாண்ட்ரியல். 1956இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் முதல் தொலைபேசிக் கம்பி போட்டப்ப, பிரிட்டிஷ் தபால் துறையும் அமெரிக்காவின் ஏடி&டியும் இவங்களும்தான் கூட்டு. முப்பத்தாறு பேர் மட்டும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய கம்பி! 1975இல் இதுக்கு டெலிகுளோப்னு பேர் மாறிச்சு, 1987இல் தனியாருக்கு வித்தாங்க. ஆனாலும் 1998 அக்டோபர் வரைக்கும் கனடாவின் வெளிநாட்டு அழைப்புக்கு ஏகபோகம் இவங்கதான்.

நம்ம பக்கத்து வாசல்காரர் யாருன்னு சொல்லவே வேண்டாம். 1986இல் ஆரம்பிச்ச வி.எஸ்.என்.எல். அவங்க ஏகபோகம் முடிஞ்சது 2002 மார்ச் 31. அதுக்கு மறுநாள், ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்தியாவில் இணையத் தொலைபேசியே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதுவும் முழுசா இல்லை. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம், இந்தியாவுக்குள்ளேயே ஒரு போனுக்குப் பேசக்கூடாது. (2014 நவம்பர் 10 முதல் ஸ்கைப்பும் இந்தியாவுக்குள்ளிருந்து இந்தியப் போன்களை அழைக்கிற வசதியை நிறுத்திடுச்சு.) வெளியே 1995லேயே இஸ்ரேலின் வோக்கல்டெக் கணினிக்குக் கணினி பேசற மென்பொருளை விக்க ஆரம்பிச்சாச்சு. 1996இல் அமெரிக்காவில் சின்னத் தொலைபேசி நிறுவனங்கள் சங்கம் சேர்ந்து "இந்த மென்பொருளைத் தடை பண்ணுங்க" என்று அரசிடம் மனு கொடுத்தாங்க. வாசல்காரங்க எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

அப்போ என் குடும்பத்தில் என்ன நடந்துக்கிட்டிருந்தது? சித்தப்பா சிங்கப்பூரில். ஊரில் போன் கிடையாது. மானாமதுரையில் ஒரு எஸ்டிடி பூத்தில் பி.பி. நம்பர் கொடுத்து வச்சிருந்தாங்க. ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா பஸ் ஏறிப் போய் அந்த மஞ்சள் பலகைக்குக் கீழே மதியம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். சில வாரம் மணி அடிக்கும், சில வாரம் அடிக்காது. அடிக்காத வாரம் பூத்துக்காரர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புவாராம். காத்திருந்து பழகின மனுஷி. எட்டு நாள் காத்திருந்தது அவங்களுக்குப் புதுசில்லை, எனக்குத்தான் புதுசு.

கதையின் முடிவு இன்னும் வேடிக்கை. ஏகபோகம் போன டெலிகுளோப் 2002இல் திவால் பாதுகாப்பு கேட்டு நின்னுச்சு. அதே வருஷம் பிப்ரவரியில் வி.எஸ்.என்.எல்.லின் கால் பங்கை டாடா வாங்கினாங்க. 2006இல் அந்த வி.எஸ்.என்.எல். இந்த டெலிகுளோப்பை சுமார் 23.9 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிடுச்சு. மாண்ட்ரியல் வாசலை மும்பை வாசல் வாங்கினது! 2008இலிருந்து ரெண்டும் சேர்ந்து டாடா கம்யூனிகேஷன்ஸ். எனக்கும் அப்பத்தாவுக்கும் நடுவில் ரெண்டு முனையிலும் நின்ன ரெண்டு காவல்காரர்களும் கடைசியில் ஒரே வீட்டுக்குள் குடி போயிட்டாங்க.

இந்த வாசலே வேண்டாம்னு கிளம்பினதுதான் ஸ்கைப். ஸ்வீடனின் நிக்லாஸ் ஸென்ஸ்ட்ரோம், டென்மார்க்கின் யானுஸ் ஃப்ரீஸ், நிரல் எழுதினது எஸ்டோனியாக்காரங்க. முன்னாடி கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் செஞ்ச கூட்டம். அதே உத்தியைக் குரலுக்குப் போட்டாங்க. நடுவில் பெரிய வழங்கி (சர்வர்) கிடையாது, பயன்படுத்தறவங்க கணினிகளே ஒண்ணுக்கொண்ணு அழைப்பைக் கடத்திவிடும். 2007 ஆகஸ்டில், விண்டோஸ் புதுப்பிப்பு வந்து உலகம் பூரா கணினிகள் ஒரே நேரத்தில் அணைஞ்சு எழுந்ததும், ஸ்கைப் ரெண்டு நாள் படுத்துடுச்சு. மக்கள் கணினியே நடுவில் இருந்துச்சுங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? 2005இல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கினது, 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடிக்கு. 2012இல் மக்கள் கணினிகள் செஞ்ச வேலையைத் தன் வழங்கிகளுக்கு மாத்தினது. கைபேசிக் காலத்துக்கு அது தேவைதான், பேட்டரி தாங்கணுமே. ஆனா அன்னிக்கே நடுவில் ஒருத்தர் வந்து நின்னுட்டார். நடுவில் நிக்கிறவர் ஒருநாள் கடையை மூடலாம். மூடினார்.

யாருமே நடுவில் நிக்காத மாதிரி செய்ய முடியாதான்னு கேட்டா, அதுக்கும் பதில் இதே ஊரில் கிடைச்சது. சவுவா-ஃபேர் லினக்ஸ் என்ற மாண்ட்ரியல் நிறுவனம் 2000களின் நடுவில் எஸ்எஃப்எல்ஃபோன் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் எழுதினாங்க. 2015இல் அது ரிங் ஆச்சு, 2018 டிசம்பரில் ஜாமி ஆச்சு. நடுவில் கணக்கு வச்சிருக்கிற நிறுவனம் கிடையாது, போன் எண்ணும் தர வேண்டாம். யார் எங்கே இருக்காங்க என்ற விலாசப் புத்தகத்தைப் பயன்படுத்தறவங்களே துண்டு துண்டாப் பிரிச்சு வச்சுக்குவாங்க. பெங்களூரில் இருக்கிற தோழியோட அதில் பேசிப் பார்த்தேன், நல்லாவே இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் அதை நிறுவணும். கிணத்தடியில் இருக்கிற பொத்தான் போனுக்கு அது போகாது. நடுவில் நிக்கிறவங்களைத் தாண்டிப் போக அப்பத்தாவும் ஸ்மார்ட் போன் வாங்கணும் என்றால், அந்தச் சுதந்திரம் எனக்கு மட்டும்தான் சுதந்திரம்.

சரி, கடைசியா என்ன செஞ்சேன்?

செயலியையும் சேவையையும் பிரிச்சேன். எஸ்ஐபி என்று ஒரு பொது நெறிமுறை இருக்கு. 1999இல் முதல் வடிவம், 2002இல் இப்போ புழங்கற வடிவம். மின்னஞ்சல் மாதிரிதான். கணக்கு ஒரு இடத்தில் வச்சுக்கலாம், மென்பொருள் நமக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் சரி. சேவை பிடிக்கலைன்னா கணக்கை மாத்திக்கலாம், மென்பொருள் செத்துப்போனா மென்பொருளை மாத்திக்கலாம். இன்னொரு முறை யாராவது கடையை மூடினால் கோழியும் கூடச் சாகாது. கைபேசியில் லின்ஃபோன் போட்டேன். மடிக்கணினியில் ஜாமியே எஸ்ஐபி கணக்கையும் ஏத்துக்கும், அதையே வச்சுக்கிட்டேன்.

கணக்கு திறந்ததும் என் மொபைல் எண்ணைச் சரிபார்க்கச் சொன்னாங்க. குறுஞ்செய்தியில் வந்த எண்ணை அடிச்சேன். இனிமே அழைப்பு என் எண்ணைக் காட்டும்னு நினைச்சு அப்பாவைக் கூப்பிட்டேன். "ஏதோ குஜராத் நம்பர் வருதும்மா" என்றார். அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் அமைப்புகளுக்குள்ள ஒரு சின்ன வரியைப் பார்த்தேன். இந்தியாவுக்கு ரெண்டு தடம் வச்சிருக்காங்க: மலிவுத் தடம், தரமான தடம். மலிவுத் தடத்தில் "அழைப்பவர் எண் காட்டப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை" என்ற பொருளில் பொடி எழுத்து. கடை அண்ணனுடைய அட்டைக்குப் பின்னால் இருந்த அதே பொடி எழுத்து, இப்ப திரையில். ரெண்டுக்கும் வித்தியாசம் நிமிஷத்துக்கு ஒரு சென்ட்டுக்கும் கொஞ்சம் மேல. மாத்தினேன். மறுபடி அப்பா. "ஆங், உன் பேர் வருது."

மக்களே, அந்த ஒரு சென்ட்டுக்கு என்ன கிடைக்குதுன்னா, நாம் நாமாகவே போய்ச் சேர்றோம். "யாரோ" ஆகாமல்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டில்லை. வீட்டுத் தொலைபேசியையே இணையத் தொலைபேசியா மாத்தியிருக்கிறவங்க, அவசர உதவிக்கு 911 அடிச்சா என்ன ஆகும்னு இன்னிக்கே பாருங்க. பழைய கம்பிப் போன் என்றால் வீட்டு விலாசம் தானாகப் போகும். இணையப் போனுக்கு எந்த ஊரில் இருக்கோம்னே தெரியாது, நாம பதிஞ்சு வச்ச விலாசம்தான். 911 வசதி தரணும்னு கனடிய ஒழுங்குமுறை ஆணையம் 2005 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அப்படியும் 2008இல் கால்கரியில் ஒரு குடும்பம் குழந்தைக்காக 911 அழைச்சப்ப, ஆம்புலன்ஸ் அவங்க முன்னாடி குடியிருந்த மிசிசாகா விலாசத்துக்குப் போச்சு. நாட்டின் இன்னொரு கோடி. குழந்தை பிழைக்கலை. வீடு மாறினால் முதல் வேலை, அந்த விலாசத்தை மாத்தறது. நான் போட்டிருக்கிற செயலி மாதிரியானதை 911க்கு நம்பவே வேண்டாம், கைபேசியின் சொந்த டயலரில் அடிங்க.

குரல் பத்தியும் ஒரு வரி. அப்பத்தா போனிலிருந்து வர்ற குரல் கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி இருக்கும். பழைய தொலைபேசி வலை 300இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கொண்டுவரும், அதுக்கு மேல உள்ள நுணுக்கமெல்லாம் போயிடும். அந்தக் குரலை ஜிஎஸ்எம் போன்களுக்குள் சுருக்கிக் கொண்டுபோற முறையின் அடிப்படை ஏசெல்ப் என்பது. அது எங்கே பிறந்ததுன்னு பார்த்தா, இங்கிருந்து ரெண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில், 1980களில். மானாமதுரைக் குரல் கியூபெக் பொட்டலத்தில் கட்டி வருது. இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமா இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. அண்ணன் லீவில் ஊருக்கு வந்திருந்தார். அதனால் என்ன நடந்ததுன்னு அவர் சொல்லித்தான் தெரியும். அப்பத்தா கொல்லையில் இருந்திருக்கிறார். போன் திண்ணையில். கோழி கூவியிருக்கு. "போனாத்தா" என்று அண்ணன் குரல் கொடுத்தாராம். அப்பத்தா நம்பலை. "அது மேலவீட்டுக் கோழிடா" என்றாராம். ரெண்டாவது தடவை கூவினதும்தான் கையைத் துடைச்சுக்கிட்டு வந்திருக்கிறார். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு.

"ஏந்தாயி, கோழியக் களவாண்டு போய்ட்டாய்ங்கன்னுல்ல நெனச்சேன்."

"இல்ல அப்பத்தா. இங்கதான் வேற போன் மாத்தினேன். நம்பர் தப்பாப் போச்சு."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க விழுந்தீங்களாமே, எனக்கு ஏன் சொல்லலை?"

"அட, அது கெடக்கு. நீ என்ன பறந்தா வரப் போற? சரி வச்சிரு, காசு ஆகும்."

எப்பவும் இதைச் சொல்வார். எப்பவும் நான் "காசெல்லாம் ஆகாது அப்பத்தா, இது இன்டர்நெட்டு, ஓசி" என்பேன். அன்னிக்கு அப்படிச் சொல்லத் தோணலை.

"ஆகட்டும் அப்பத்தா. பேசுங்க" என்றேன்.

பி.கு.: ஊரில் பொத்தான் போன் வச்சிருக்கிற பெரியவங்க யார் வீட்டிலாவது இருந்தா, நீங்க கூப்பிடும்போது அவங்க போனில் என்ன எண் தெரியுதுன்னு பக்கத்தில் இருக்கிற யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு அது தெரிய பன்னிரண்டு நாள் ஆச்சு.